லோகநாதன் நினைவாக மதியச் சாப்பாடு

பன்னிரண்டரைக்கு வந்துவிடுவோம் என்று சொன்னவர்கள் ஒரு மணியாகியும் வரவில்லை, வரமாட்டார்கள், இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் எந்தப் புண்ணியவான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறான் என்று கூடத்துத் தூணில் சாய்ந்தபடி தெய்வானை கறுவிக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு பிள்ளைகள் இரண்டு வரிசையாக இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்துபோய் இரண்டாம் தடவையும் தெளித்தாயிற்று. மெஸ்ஸிலிருந்து வேன் வந்து சாப்பாட்டை இறக்கிவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகிறது. சாம்பார், பொரியல், ரசம், சேமியா பாயசம், ஒரு பெரிய பை நிறைய அப்பளம். அப்பளம் இந்நேரம் நமுத்திருக்கும், பாயசத்தில் ஆடை கட்டியிருக்கும். ஏலக்காய் வாசனை கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளைகள் எச்சில் விழுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது, அல்லது கேட்டதாகத் தோன்றியது. எடுத்துப் போட்டுவிடலாம்தான். போட்டுவிட்டால் அந்தச் செய்தி ஊரெல்லாம் போய் நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள். காலையிலேயே இன்றைக்குச் சோறு போடுகிற வீட்டம்மா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: "எல போட்டு உக்கார வெச்சிருங்க. நாங்க வந்துதான் மொதக் கரண்டி போடோணும்." எல்லாரும் சொல்வதுதான். பசித்துக் கிடக்கிற பிள்ளைக்குப் போட்டால்தான் அன்னதானம், பசி ஆறிய பிள்ளைக்குப் போட்டால் வெறும் சோறு. போடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் உடனே அத்தனை பேருக்கும் விரதம் வந்துவிடும். சஷ்டி விரதம், வெள்ளிக்கிழமை விரதம், பேரே இல்லாத விரதம். ஒருத்தர் மட்டும் "இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல நாலு போண்டா தின்னேன்" என்றார், அவர் யோக்கியர். இந்த வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடித்த தானக்காரரை அவள் இன்னும் பார்க்கவில்லை. கையோடு பாட்டில் கொண்டுவருகிறார்கள், குடித்த மிச்சத்தைத் திரும்ப எடுத்துப் போவதுமில்லை, இங்கே கொஞ்ச நேரம் இருந்த பாட்டிலாயிற்றே. இல்லத்துக்குத் தளிர் என்று பெயர் வைத்துப் பெரிதாகப் பலகை மாட்டியும் ஆட்டோக்காரர்கள் அந்த வீடு என்றுதான் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அத்தனை பேரும் அந்த நோயில் போனவர்கள். நோயின் பெயரை வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை, வெளியிலும் சொல்வதில்லை, ஆனால் தெருவே அதைத் தாண்டித்தான் நடக்கிறது.

எதிர்ச்சுவரில் கரும்பலகை. அதைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை எடுத்தாள், கண் சுற்றிவிட்டு அங்கேயே போய் நின்றது. "இன்றைய மதிய உணவு: கருக்கம்பாளையம் அமரர் லோகநாதன் அவர்களின் ஏழாம் ஆண்டு நினைவாக. அன்புடன் குடும்பத்தார்." அன்புடனாம். குண்டு குண்டான எழுத்து, ஒன்றுகூட மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை. எழுதியவள் கோபிகா, ஏழாம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று இரண்டு வருஷமாகப் பலகை அவள் பொறுப்பு. பலகை எழுதுகிறவள்தான் பிரார்த்தனையும் சொல்ல வேண்டும், அது இல்லத்து வழக்கம். காலை ஏழரைக்குத் தெய்வானை தரையில் உட்கார்ந்து பெயர் ஒட்டிய டப்பாக்களில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, இன்னொரு கையில் போனை எட்டப் பிடித்து, வந்திருந்த செய்தியை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க, கோபிகா ஸ்டூல்மேல் ஏறி நின்று எழுதினாள். ஊர் பெயர் படித்தாள். ஆள் பெயர் படித்தாள். ஏழாம் ஆண்டு என்று படித்தாள். வாய்தான் படித்தது, காது கேட்கவில்லை. தினம் ஒரு செத்தவர் பெயர், மாதத்துக்கு முப்பது, பன்னிரண்டு வருஷம். எந்தப் பெயரைத்தான் மனசில் வாங்குவது? "எழுதியாச்சும்மா" என்று சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு கோபிகா இறங்கிப் போனாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருந்ததோ, இவள்தான் கேட்கவில்லையோ. பதினோரு மணிக்கு அலமாரியைப் பூட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் பலகை கண்ணில் பட்டது. கருக்கம்பாளையம் லோகநாதன் கோபிகாவைப் பெற்றவன். அவன் செத்த நாளை அவன் மகள் கையாலேயே எழுத வைத்திருக்கிறாள். அப்படியானால் சோறு போட வருகிறவன் லோகநாதனின் தம்பி பூபதி, வேறு யார் இருக்கிறார்கள் அந்தக் குடும்பத்தில்? அந்தப் பூபதி செத்துப்போய்விட்டான் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் கோபிகாவிடம் தெய்வானை தன் வாயால் சொல்லியிருந்தாள்.

வரட்டும். வரட்டும் அவன். கோபிகாவை அழைத்துவரப் போன அன்றைக்கும் வெயில் இப்படித்தான் மண்டையைப் பிளந்தது, கருக்கம்பாளையம் நிறுத்தத்தில் இறங்கி ஆஸ்பத்திரி நர்ஸோடு தோட்டத்து வழியில் ஒரு மைல் நடந்து போனாள். லோகநாதன் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவன் பெண்டாட்டி பெரியாஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். ஐந்து வயசுப் பிள்ளையை மாட்டுக் கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் போர்வை. எருமை இருந்த இடத்தில் எருமையோடு. பூபதி இவர்களை வீட்டுக்குள் கூப்பிடவில்லை, வேப்பமரத்தடியிலேயே நிற்க வைத்துப் பேசினான், நல்ல மாதிரியாகத்தான் பேசினான், அதுதான் இன்னும் எரிகிறது. பிள்ளைக்கு நோய் இல்லை, இதோ ரத்தப் பரிசோதனைக் காகிதம் என்று தெய்வானை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. "கீழ வெச்சிருங்" என்றான். வைத்தாள். காற்றில் பறந்துவிடாமல் ஒரு கல்லைக் காலாலேயே நகர்த்தி அதன்மேல் ஏற்றினான். காலால்! தெய்வானையின் கொழுந்தன்கூட அப்படித்தான் செய்தான், அவள் தட்டையும் பாயையும் குச்சியால் தள்ளித் தள்ளி வீதிக்குக் கொண்டுவந்து மண்ணெண்ணெய் ஊற்றினான். அவள் புருஷன் லாரி ஓட்டப் போய் வாங்கிவந்த நோய், அவன் செத்தான், அவளுக்குக் கொடுத்துவிட்டுச் செத்தான், இன்றைக்கும் இந்தப் பிள்ளைகளின் டப்பாக்களோடு அவளுடைய டப்பாவும் ஒன்று இருக்கிறது. பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே பாய்க்குத் தீ வைத்தான் அந்தக் கொழுந்தன். அவன் மூஞ்சி இப்போது சரியாக ஞாபகம் இல்லை. நினைத்துப் பார்த்தால் பூபதியின் மூஞ்சிதான் வருகிறது, பூபதிதான் கையில் தீக்குச்சியோடு நிற்கிறான். இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். ஆட்டோவில் ஏற்றும்போது பிள்ளை "சித்தப்பா, சித்தப்பா" என்று கையை நீட்டியது, அவன் வண்டியில் முன்னால் நிறுத்திவைத்து ஊரைச் சுற்றிக் காட்டியவன்தானே. அவன் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, "போயிட்டிரு கண்ணு, ஞாயித்துக்கெழம சித்தப்பா வந்து கூட்டியாறேன்" என்றான். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. அந்தத் தண்ணீரை அவள் மன்னிக்கவே மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. சொந்தக்காரர் வருவார் என்று காத்திருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெய்வானைக்கு நன்றாகத் தெரியும், தெரியாமல் போன ஒரு காலம் இருந்தது, அதற்கு ஒரு பிள்ளையைப் பலி கொடுத்தாகிவிட்டது. ஜோதிலட்சுமி. அத்தை வந்து ஊட்டினால்தான் மாத்திரை சாப்பிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த பிள்ளை. விழுங்கியதுபோல் விழுங்கிவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பியிருக்கிறது, செத்தபிறகு கூட்டும்போதுதான் செடிக்கடியில் மாத்திரைகள் கிடந்தன. இல்லம் ஆரம்பித்த இரண்டாம் வருஷம் அது. அதற்கப்புறம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வராத சொந்தத்தைச் சாகடித்துவிட வேண்டும். சித்தப்பன், பெரியப்பன், மாமன், அத்தை, எவராக இருந்தாலும் சரி, செத்துட்டாங்க கண்ணு, உனக்கு இனி நான்தான். பிள்ளை இரண்டு நாள் அழும், மூன்றாம் நாள் தட்டை நீட்டும். எத்தனை பேரைக் கொன்றிருப்பாள், கணக்கே கிடையாது, கொன்றதில் பாதிப்பேர் நல்ல சாப்பாடு சாப்பிட்டுத் தொந்தியும் தொப்பையுமாக இதே ஜில்லாவில் நடமாடுகிறார்கள். கோபிகா எட்டு நாள் சோறு தொடவில்லை. தண்ணீர் குடித்தாள், வாசலைப் பார்த்தாள், படுத்தாள். எட்டாம் நாள் பெரியாஸ்பத்திரியிலிருந்து அவள் அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்தது. ஒன்பதாம் நாள் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மா சாமிகிட்டப் போயிட்டாங்க, சித்தப்பாவும் போயிட்டாரு, ரெண்டு பேரும் போயிட்டாங்க என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள், அழுவதை ஒரே தடவையாக அழுதுவிடட்டும் என்று. அன்று ராத்திரியே பிள்ளை இரண்டு தோசை தின்றது. அந்தப் பொய்தான் அதை எழுப்பி உட்கார வைத்தது, அந்தப் பொய்தான் அதை ஏழாவது வரைக்கும் படிக்க வைத்தது. இந்த வீடே அவள் வாய்ச்சொல்லில்தான் ஓடுகிறது. இந்தக் கசப்பை முழுங்கு என்றால் முழுங்குகிறார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன மாத்திரை என்று கேட்டால் சத்து மாத்திரை என்று சொல் என்றால் சொல்கிறார்கள், அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று. இன்றைக்குச் செத்தவன் காரில் வந்து இறங்கப்போகிறான். இறங்கினால் கோபிகாவுக்கு அவள் யார்? சோறு போட்ட பொய்க்காரி. கோபிகா சொன்னால் மற்ற முப்பது பேருக்கும் அதுதான்.

"ஏனுங்கக்கா, இன்னும் எத்தன நேரந்தான் புள்ளைங்களக் காயப் போடுவீங்க?" என்று சமையல்கட்டு வாசலில் நின்று சின்னப்பொண்ணு கத்தினாள். சமையல்காரி, பத்து வருஷமாக இங்கேதான் இருக்கிறாள். "சாம்பாரு ஆறிப்போச்சு. அப்பறம் வாறவீங்க சூடா இல்லைன்னு என்னையத்தான் சொல்லுவாங்க." "சொன்னாச் சொல்லட்டும். அவுங்க வாயிலயா வெக்கப் போறாங்க" என்று தெய்வானை எரிந்து விழுந்தாள். வரிசையின் கடைசியில் கோபிகா உட்கார்ந்திருந்தாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் சுடிதார், இரட்டைப் பின்னல், நெற்றியில் திருநீறு. பாயசம் உள்ள நாளில் பெண் பிள்ளைகள் இப்படிச் சீவிச் சிங்காரித்துக்கொள்வதுதான். தெரியாதிருக்குமா அவளுக்கு? பள்ளிக்கூடத்தில் எத்தனை காகிதத்தில் தகப்பனார் பெயர் லோகநாதன், பிறந்த ஊர் கருக்கம்பாளையம் என்று அவளே எழுதியிருக்கிறாள். ஆனால் ஊரில் ஒரே ஒரு லோகநாதனா? ஏழாம் ஆண்டு. அதுவும் சரியாக. தெரிந்திருந்தால் ஓடிவந்து கேட்டிருக்க மாட்டாளா? கேட்கவில்லை, ஆகையால் தெரியாது. கேட்கவில்லை, ஆகையால் தெரியும். மண்டைக்குள் இதே இரண்டும் மாறி மாறி ஓடின. ஒரு சொல் போதும், மொட்டை மாடியில் மிளகாய் காயுது, காக்கா வரும், போய்ப் பார்த்துக்கோ கண்ணு, சாப்பாடு எடுத்து வைக்கிறேன் என்றால் பிள்ளை போய்விடும். பிரார்த்தனையை வேறு யாராவது சொல்லலாம். அவன் வருவான், போடுவான், போவான், செத்தவன் செத்தவனாகவே இருப்பான். பதினொன்றிலிருந்து நாலு தடவை வாய்வரைக்கும் வந்துவிட்டது. வந்து வந்து திரும்பிப் போகிறது. ஏனென்று அவளுக்குத் தெரியாமலில்லை. மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டால் பூபதி நிம்மதியாகச் சோறு போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவான். அண்ணனுக்கு வருஷா வருஷம் செய்கிறான் என்று ஊர் பேசும். எருமைக்குப் பக்கத்தில் கட்டில் போட்ட கை, காலால் கல்லை நகர்த்திய கால், அதற்கெல்லாம் ஒரு பதிலும் இல்லாமல் போகிறதா? பார்க்கட்டுமே. தான் தூக்கி எறிந்தது எவ்வளவு லட்சணமாக வளர்ந்து நிற்கிறதென்று பார்த்து வயிறு எரியட்டுமே. பிள்ளைக்கு அவனை அடையாளம் தெரியாது, ஐந்து வயசில் பார்த்த மூஞ்சி, ஆள் மாறியிருப்பான், தெரியவே தெரியாது என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டாள். "கோபிகா" என்று கூப்பிட்டாள். பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. மாடிக்குப் போ என்று சொல்ல வேண்டிய வாய். "அங்கென்ன கடேசில உக்காந்திருக்கற? முன்னால வா. மொத எலைக்கு வந்து உக்காரு." அந்த வார்த்தைக்கே காத்திருந்தவள்போலக் கோபிகா சட்டென்று எழுந்து வந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. பூபதிக்கு முன்மண்டை வழுக்கை விழுந்து, தொந்தி போட்டிருந்தது. வேட்டி சட்டை பளபளவென்று இருந்தது. பின்னால் அவன் பெண்டாட்டி பட்டுச்சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி தரை பார்த்து நடந்துவந்தாள். டிரைவர் ஒரு படத்தைக் கொண்டுவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்து வைத்தான், லோகநாதன், மீசையும் வகிடுமாக, சம்பங்கி மாலைக்குள்ளிருந்து பார்த்தான். "கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க, கோயில்ல கூட்டம்" என்றான் பூபதி. குரல் மாறவில்லை, அதே நல்ல மாதிரியான குரல். தெய்வானையின் முகத்தை அவன் பார்க்கக்கூட இல்லை, பொறுப்பாளர் என்றால் ஒரு வணக்கம், அவ்வளவுதான். அவள் கோபிகாவைப் பார்த்தாள். கோபிகா படத்தைப் பார்த்தாள். அப்புறம் பூபதியைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. எழுந்து நின்று கைகூப்பி, "இன்று எங்கள் பசியாற்றும் குடும்பத்தார் நலமாக இருக்க வேண்டும், அமரர் லோகநாதன் அவர்களின் ஆன்மா அமைதி அடைய வேண்டும்" என்று கணீரென்று சொன்னாள், முப்பது பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்கள். பூபதி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசைக்கு வந்தது. நிஜமான தண்ணீர். இதற்கு இவன் நடித்திருந்தால்கூடத் தேவலை என்று தெய்வானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி படம் எடுக்கப் போனை உயர்த்தினாள். அவன் பாயசக் கரண்டியை வாங்கி முதல் இலைக்குக் குனிந்தான். "உம் பேரென்ன கண்ணு? எத்தனாவது படிக்கற?" "கோபிகாங்க சித்தப்பா" என்றாள் கோபிகா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். வருகிறவர்களை அங்கிள் என்றுதான் பிள்ளைகள் கூப்பிடும், அதனால் பக்கத்து இலைக்காரி களுக்கென்றாள். கரண்டியிலிருந்த பாயசம் இலையில் விழுந்து, இலையைத் தாண்டித் தரையில் ஓடியது. அவன் மெதுவாகத் தலையைத் தூக்கித் தூணருகே நின்ற தெய்வானையைப் பார்த்தான், இந்தத் தடவை நன்றாகவே பார்த்தான். ஏழு வருஷமாக அவள் காத்திருந்த பார்வை அதுதான். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றாள். வாங்கிக்கோ, வாங்கிக்கோ. அவன் இரண்டாவது இலைக்குப் போட்டான், மூன்றாவதுக்குப் போட்டான், கரண்டியைச் சின்னப்பொண்ணு கையில் திணித்துவிட்டு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். பெண்டாட்டி என்னவென்று புரியாமல் அவனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், புரிந்ததும் அவனைவிட வேகமாகப் போனாள். கோபிகா கை நனைக்காமலே இலையை விட்டு எழுந்து உள்ளே ஓடினாள். அழப் போகிறாள், அழட்டும், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தெய்வானை அவன் பின்னால் போனாள். முதலில் இவன் கணக்கைத் தீர்க்க வேண்டும்.

கார்க் கதவில் கை வைத்தவனை, "என்னுங்க, பாதிலயே கெளம்பிட்டீங்க? ரெண்டாவது வரிசைப் புள்ளைங்க இருக்குதுங்களே" என்று நிறுத்தினாள். அவன் திரும்பி, "இது உங்க இல்லம்னு தெரிஞ்சிருந்தா நான் வந்திருக்க மாட்டனுங்க" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், வழி தவறி வந்தவன் சொல்வதுபோல. "அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னு அன்னிக்கே காயிதம் குடுத்தனே. அதத் தொட்டாவது பாத்தீங்களா?" "பாத்தனுங்க. நீங்க போனப்பறம் எடுத்துப் படிச்சேன். எனக்குத் தெரியுமுங்க, நான் நம்புனேன். ஊரு நம்போணுமில்லீங்களா? எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க. அதுகளையும் ஒருத்தன் கட்டிட்டுப் போவோணும்." அவன் தெரியாமல் செய்தான் என்பதைத்தான் இத்தனை நாள் வெறுத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. தெரிந்தே செய்தவனுக்கு என்ன சொல்வதென்று தேடினாள். அடுப்படியில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று பொறுக்கி வைத்திருந்த அத்தனை வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. காறித் துப்ப வேண்டுமென்று வைத்திருந்தாள், வாயில் எச்சில் இல்லை. "நல்லாப் படிக்குதுங்களா?" என்று கேட்டான் அவன். "உனக்கெதுக்குடா அது?" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான், உள்ளேயிருந்து பெண்டாட்டி கண்ணாடியை ஏற்றினாள், கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மெயின் ரோட்டுக்குத் திரும்பியது. ஜெயித்தாயிற்று. இதைத்தானே கேட்டாள். நெஞ்சுக்குள் கைவிட்டுத் தேடினால் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை, காலையிலிருந்து சாப்பிடாத வயிற்றில் மாத்திரையின் எரிச்சல்தான் இருந்தது. திரும்பினாள்.

கோபிகா வாசல்படியில் நின்றிருந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை, புத்தகங்களை எடுத்துவிட்டுத் துணியை அடைத்திருந்தாள், ஜிப் மூடாமல் துண்டின் முனை வெளியே தொங்கியது. காலில் செருப்பு. லோகநாதனின் படத்தை மாலையோடு நெஞ்சில் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அப்பா படத்த மறந்து வெச்சிட்டாங்கம்மா. காரு எங்க, திருப்பறதுக்குப் போயிருக்காங்களா?"

தெய்வானை கிட்டே போய்த் துண்டின் முனையைப் பைக்குள் தள்ளினாள்.

"உங்ககிட்ட அன்னிக்கு யாரோ தப்பாச் சொல்லிட்டாங்கம்மா" என்றாள் கோபிகா, ஆறுதல் சொல்வதுபோல. "சித்தப்பா சாகவேயில்ல, பாத்தீங்கல்ல? காலைல நீங்க ஊர் பேரு படிக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு. சொன்னா நீங்க போக வேண்டாம்னு அழுவீங்களோன்னுதான் சொல்லல. லீவுக்கு லீவு வருவேன்மா."

பரீட்சை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போகிறாராம் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, சுலபமான பொய், நல்ல பொய், பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பாயசம் குடிக்கும். அப்புறம் பரீட்சை முடியும். முடிந்தபிறகு அவனை இன்னொரு தடவை கொல்ல வேண்டும். தெய்வானை படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட யாரும் தப்பாச் சொல்லல கண்ணு. அவன் உசுரோட இருக்கறது எனக்கு அன்னிக்கே தெரியும். உன்னைய வெச்சுக்க மாட்டேன்னு சொல்லிட்டான். நீ அவன் வருவான்னு சோறு திங்காமக் கெடந்த. அதனால நாந்தான் செத்துட்டான்னு பொய் சொன்னேன். இப்பவும் அவன் உன்னையக் கூட்டிட்டுப் போவ வரல. நம்ம இல்லம்னு தெரியாம வந்துட்டான். போயிட்டான்."

கோபிகா மெயின் ரோட்டைப் பார்த்தாள். புழுதி அடங்கியிருந்தது. அழுவாள், படத்தைத் தூக்கி எறிவாள், தன்னை அடிப்பாள் என்று தெய்வானை காத்திருந்தாள், அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. உள்ளே சின்னப்பொண்ணு இரண்டாவது வரிசைக்கு அப்பளம் போட்டுக்கொண்டிருந்தாள். கோபிகா அழவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாகிக்கொண்டே வந்தது. அது ஏனென்று தெய்வானைக்கு விளங்கவில்லை.

"நீங்கதான் பொய் சொன்னீங்களா?"

"ஆமா சாமி."

"அப்ப எங்கம்மா?"

"என்ன?"

"எங்கம்மாவும் செத்துட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான சொன்னீங்க?"

"ஐயோ, அது நெசம் கண்ணு" என்று தெய்வானை அவள் கையைப் பிடித்தாள். "அது நெசம். அவுங்க ஊட்டுல ஒருத்தரும் வரல. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். நாந்தான் மயானத்துக்குக் கூடப் போனேன். என்ற சேலை ஒண்ணத்தான் போத்தி விட்டேன், ஊதாக்கலரு. என்ற கண்ணால பாத்தேன் சாமி, என்ற கையால நெருப்பு வெச்சேன்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது இட்டுக்கட்டுவதுபோலக் கேட்டது, அதனால் இன்னும் அவசரமாக, இன்னும் அதிகமாகச் சொன்னாள்.

கோபிகா குறுக்கே பேசாமல், சோறு போட வருகிறவர்கள் புத்தி சொல்லும்போது நிற்பதுபோலப் பணிவாக நின்று கேட்டாள். தெய்வானை முடித்ததும் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நழுவிய பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். "நான் போய்க் கேட்டுக்கறேன்."